ரெண்டு மிதி

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பெங்களூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவு. லேத்திலிருந்து இறங்கி வரும் உருப்படிகளை அளந்து பார்த்து, தலைமுடி அளவு கூடினாலும் குறைந்தாலும் சிவப்புச் சாயம் தடவி ஓரமாக வைப்பது என் வேலை. தடவினால் தடவியதுதான். மேனேஜரே வந்து கெஞ்சினாலும் அழிக்க மாட்டேன். முதுகுக்குப் பின்னால் என்னைச் 'சாயம்' என்று கூப்பிட்டார்கள். அது எனக்குத் தெரியும். உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

அப்படிப்பட்ட ஆள் தன் சொந்தக் காரில் இருந்த குறையை வருஷக்கணக்கில் தெரிந்துகொள்ளாமல் ஓட்டினான் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். எனக்கு வரவில்லை.

தொண்ணூற்றொன்றில் அந்தக் காரை வாங்கினேன். காக்ஸ் டவுனில் ஒரு டீச்சரம்மா வைத்திருந்தது. உருண்டை மூக்கு, சாம்பல் நிறம், என்னைவிடப் பத்து வயசுதான் சின்னது. ஆஸ்டின் டவுனில் எங்கள் வரிசையில் அதுதான் முதல் கார். வெள்ளிக்கிழமை தோறும் நானே கழுவுவேன். ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது எல்லாம் நானே. மெக்கானிக் யாரையும் ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. "வெள்ளிக்கிழமைல எனக்கு முன்னாடி அதுக்குத்தான் எண்ணெக் குளியல்" என்று என் மனைவி தெருவில் எல்லாரிடமும் சொல்லுவாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுடைய தம்பிதான் பிள்ளை. அப்பா அம்மா போன பிறகு ஆம்பூரிலிருந்து அவனைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டிலேயே வைத்து வளர்த்தாள். படிப்பு ஏறவில்லை. வண்டி என்றால் உயிர். டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் எடுத்து, ஒரு டிராவல்ஸில் வேன் ஓட்டினான். காலையில் ஆபீஸ்காரர்களை எலக்ட்ரானிக் சிட்டிக்குக் கொண்டுபோய் விட்டுச் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருவான். ஒரு வேன் நிறைய ஜனங்கள் அவனை நம்பித் தூங்கிக்கொண்டு போனார்கள். நான் மட்டும் என் கார்ச் சாவியை அவன் கையில் கொடுத்ததில்லை. "வேன் வேற, கார் வேற" என்று சொல்லிவிடுவேன். என்ன வேறு என்று அவனும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் காரில் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது என் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, நிறுத்தறப்ப உங்க வண்டி ரெண்டு வாட்டி தலையாட்டுது பாத்தீங்களா? பூம்பூம் மாடு மாதிரி."

"ஓட்டத் தெரியாதவங்க வாயத் தெறக்கக் கூடாது" என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்கு அடுத்த வருஷம்தான் அந்த ஆயுத பூஜை.

பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் தெருவே வண்டிகளுக்குத்தான். ஆட்டோ, சைக்கிள், தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. என் காருக்கு முன் பம்பரில் இரண்டு வாழைக்கன்று கட்டுவேன். நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். பூசணிக்காய் உடைத்ததும் வண்டியை நகர்த்திப் பழங்களை நசுக்க வேண்டும். எல்லா வீட்டிலும் வழக்கம் இவ்வளவுதான். எங்கள் வீட்டில் நான் இன்னொன்றைச் சேர்த்து வைத்திருந்தேன். என் மனைவி கற்பூரத் தட்டோடு காருக்கு எதிரே நிற்பாள். நான் பழங்களை நசுக்கிக்கொண்டு வந்து, அவளுக்கு ஒரு முழம் இருக்கும்போது டக்கென்று நிறுத்துவேன். அவள் அசையாமல் நின்று பானெட்டுக்குக் கற்பூரம் காட்டிப் பொட்டு வைப்பாள். தெரு மொத்தமும் கை தட்டும். இது சாஸ்திரத்தில் எங்கும் இல்லை. என்னுடைய திமிரில் இருந்தது.

அந்த வருஷம் என் மனைவி கேட்டாள். "இந்த வாட்டி என் தம்பி எடுக்கட்டுமே. ஸ்டியரிங் புடிச்சு சம்பாதிக்கிறவன் அவன்தான. இன்னிக்கு அவனுக்குத்தான பண்டிகை."

நல்ல நாளில் எதற்குத் தகராறு என்று சாவியைக் கொடுத்தேன். அவன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். குளித்து, புதுச் சட்டை போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்திருந்தான். "என்ன மாதிரியே நிறுத்தணும். ஒரு முழம்" என்றேன். "சரி மாமா" என்று ஏறினான்.

எங்கள் வீட்டு முன்னால் கார்ப்பரேஷன் குழாய் ஒன்று உண்டு, சுற்றிலும் சிமெண்ட் மேடை. தெரு அதைப் பார்த்து லேசாகச் சரிந்திருக்கும். என் மனைவி மேடைக்கு முதுகு காட்டித் தட்டோடு நின்றாள். பூசணிக்காய் உடைந்தது. கார் நகர்ந்தது. பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கும் சத்தம் கேட்டது. இரண்டு முழம், ஒரு முழம். கார் நிற்கவில்லை.

வேகம் ஒன்றும் இல்லை. ஒரு ஆள் நடக்கிற வேகம்தான். வாழைக்கன்றை மடக்கிக்கொண்டு பம்பர் வந்து அவளுடைய வலது முழங்காலைச் சிமெண்ட் மேடையோடு வைத்து அழுத்தியது. தட்டு பறந்தது. அவள் கத்தியதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

நாலு பேர் காரைப் பின்னால் தள்ளினோம். அவளைத் தூக்கி ஓர் ஆட்டோவின் மாலையைப் பிய்த்துப் போட்டு உள்ளே உட்கார வைத்தோம். அவன் காரிலிருந்து இறங்கி வந்தான்.

"பிரேக் புடிக்கல மாமா" என்றான்.

ஓங்கி ஓர் அறை விட்டேன். ஆட்டோவுக்குள்ளிருந்து அவள், அந்த வலியிலும், "அவன அடிக்காதீங்க" என்று கத்தினாள். நான் நிறுத்தவில்லை. "வாய ஊதுடா" என்றேன். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தினமும் இருபது பேரை ஏற்றி இறக்குகிற டிரைவர் என் மூக்குக்கு நேராக வாயை ஊதினான். பொரியும் வெல்லமும் மணத்தது.

அதோடு விட்டிருக்கலாம். பக்கத்து வீட்டுப் பெண்களை மனைவியோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, ஓர் ஐந்து நிமிஷம், ஐந்தே நிமிஷம், நான் அங்கேயே நின்றேன். எதற்கு? பிரேக் பிடிக்கிறது என்று ஊருக்குக் காட்டுவதற்கு. காரில் ஏறினேன். பின்னால் எடுத்தேன், நிறுத்தினேன். முன்னால் வந்தேன், குழாய் மேடைக்கு ஒரு முழத்தில் நிறுத்தினேன். மூன்று தடவை. மூன்று தடவையும் நின்றது.

"பாத்துக்கோங்க" என்றேன் ஜன்னல் வழியாக. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

ஒருவர் சிரித்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, தரையில் கிடந்த தட்டை எடுத்து, சிதறிய விபூதியைக் கையால் வழித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தேன். என் மேல் எனக்குச் சந்தேகம் வந்ததால் இல்லை. அவன் பொய்யன் என்று சாயம் தடவுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பிரேக் ஷூ நன்றாக இருந்தது. குழாய்களில் ஒழுகல் இல்லை. பிரேக் ஆயில் ஒரு சொட்டுக் குறையவில்லை. ஆஸ்பத்திரியில், முழங்காலில் கட்டோடு படுத்திருந்த மனைவியிடம் போய்ச் சொன்னேன். "வண்டில ஒரு குறையும் இல்ல. உன் தம்பி பிரேக்குனு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சிருக்கான்."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருந்தான். ஒரு வாரம் கழித்து வேன் சாவியை டிராவல்ஸில் திருப்பிக் கொடுத்துவிட்டான். அத்திபெலேயில் ஒரு லாரி ஆபீஸில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஒரு பையோடு கிளம்பினான். ஓட்டும் வேலையா என்று அவள் கேட்டாள். "இல்லக்கா, சும்மா அங்க இங்க பாத்துக்கறது" என்றான்.

பிறகு மூன்று வருஷம். அவன் அக்காவைப் பார்க்க வருவான், நான் ஷிஃப்டில் இருக்கும் நாளாகப் பார்த்து வருவான். அவளுக்கு முழங்கால் மடங்கவில்லை. தெருமுனையில் வரும்போதே சத்தத்தை வைத்து அவள்தான் என்று சொல்லிவிடலாம். ஒரு செருப்பு தட்டும், ஒரு செருப்பு தேயும். தேய்கிற சத்தம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அவனை மனசுக்குள் திட்டினேன். அந்தத் திட்டில் எனக்கு ஒரு சுகம்கூட இருந்தது. இன்று அதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

காருக்கு எஃப்.சி., அதாவது தகுதிச் சான்றிதழ், எடுக்க வேண்டி வந்தது. பழைய வண்டி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பார்ப்பார். அதற்கு முன்னால் யாரிடமாவது காட்டிவிடுங்கள் என்று தொழிற்சாலையில் சொன்னார்கள். சிவாஜிநகரில் ஒரு பாயின் கேரேஜுக்குப் போனேன். நாற்பது வயசு இருக்கும், வாயில் வெற்றிலை. "சாவி குடுங்க சார், ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றேன்" என்றார். கொடுக்கவில்லை. நானே ஓட்டுகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் என்றேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு ஏறினார்.

மைதானத்தை ஒட்டிய காலி ரோடு. பாய் ரோட்டைப் பார்க்கவில்லை. குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"சார், பிரேக்க ரெண்டு தபா மிதிக்கிறீங்க."

"இல்லையே. ஒரு தடவதான் மிதிக்கிறேன்."

"சரி. அந்த மரத்தாண்ட நிறுத்துங்க. ஒரே மிதி."

நிறுத்தினேன். "பாத்தீங்களா?" என்றேன்.

"ரெண்டு" என்றார்.

திரும்பி வந்து மறுபடி நிறுத்தினேன். "ரெண்டு." எனக்குக் கோபம் வந்தது. எத்தனை வருஷமாக நான் ஓட்டுகிறேன் தெரியுமா என்று ஆரம்பித்தேன். "கோச்சிக்காதீங்க சார். ஸ்லோவா போங்க. ரோட்ட நான் பாத்துக்கறேன், நீங்க உங்க கால பாருங்க."

பார்த்தேன். என் வலது கால் பெடலை ஒரு தட்டுத் தட்டியது, தூக்கியது, பிறகு மிதித்தது. கண் இமைக்கிற நேரம்தான். நான் சொல்லாமலே செய்தது. யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

"இப்ப மிதிச்சிட்டு, காலத் தூக்காதீங்க. அப்பிடியே வெச்சிருங்க."

மிதித்தேன். தூக்க வேண்டும் என்று கால் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்தேன். சேற்றில் இறங்குவதுபோலப் பெடல் கீழே போய்க்கொண்டே இருந்து தரையைத் தொட்டது. கார் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில். பாய் அவசரப்படாமல் கையை நீட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்தார்.

கேரேஜில் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் பிரித்தார். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளி நாலு சக்கரத்துக்கும் அனுப்புகிற உருளை அது. உள்ளே சோடா மூடி அளவுக்கு ஒரு ரப்பர். அதன் விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"இது வெளிய ஒழுகாது சார். உள்ளுக்குள்ளயே ஒழுகும். மொத மிதி வேஸ்ட். டக்குனு ரெண்டாவது மிதிச்சா புடிச்சிக்கும். ஆயில் கொறையாது, அதான் உங்களுக்குத் தெரில."

"எத்தன நாளா இருக்கும்?"

"நாளா? வருஷம் சார். அஞ்சு வருஷமாவது இருக்கும். இங்க பாருங்க, சுவர்ல பள்ளமே வுழுந்திருக்குது. ஒரு நாள்ல வுழற பள்ளமா இது? கொஞ்சம் கொஞ்சமா போயிருக்குது, உங்க காலும் கொஞ்சம் கொஞ்சமா கத்துக்கிச்சு."

சிலிண்டரை வாங்கி உள்ளே நகத்தை விட்டுத் தடவினேன். பள்ளம் நகத்தில் தட்டியது. தொழிற்சாலையில் இதைவிடப் பத்தில் ஒரு பங்கு பள்ளத்துக்கு நான் சாயம் தடவியிருக்கிறேன்.

பாய் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நல்ல வேள, நீங்களே ஓட்டினீங்க. வேற யாரு ஏறி இருந்தாலும் யாரையாவது கொன்னுருப்பாங்க சார். அல்லா காப்பாத்தினான்."

அங்கே கிடந்த ஒரு டயரின் மேல் உட்கார்ந்து அழுதேன். பாய் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவருக்கு என்ன சொல்வது? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அது சரி, முதுகு பின்னால் இருக்கிறது. என் கால் என் கண்ணுக்கு எதிரேதான் இருந்தது. அன்றைக்கு ஊரைக் கூட்டி மூன்று தடவை நிறுத்திக் காட்டினேனே, அந்த மூன்று தடவையும் பொய் சொன்னது அந்தக் கால்தான். 'பிரேக் புடிக்கல மாமா' என்று அவன் சொன்னது மூன்று வார்த்தை. மூன்றும் உண்மை.

வீட்டுக்கு வந்தபோது அவள் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். குளிர்காலத்தில் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிற வேலை. அவள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாய் கொடுத்த பழைய ரப்பரைத் தரையில் வைத்தேன். அவள் விரல்கள் நிற்கவில்லை. தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் விழுந்துகொண்டே இருந்தன.

"பூம்பூம் மாடு" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"ஆமா."

"நான் அன்னிக்கே சொன்னேன்."

"ஆமா."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிதுக்குவதை நிறுத்தினாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் சொன்னது வேறு.

"நீங்க நம்பல, போவட்டும். நீங்க என்னா அவன வளத்தீங்களா? நான் வளத்தேன். ஆஸ்பத்திரில நீங்க அப்பிடிச் சொல்லிட்டுப் போனதும், அக்கா நான் பிரேக்கத்தான் மிதிச்சேன்னு சொன்னான். பரவால்லடா, நீ தெரியாமத்தான பண்ணினன்னு சொன்னேன். நானும் நம்பலையே."

அதைச் சொல்லிவிட்டு அழுதாள். கால் போனபோதுகூட அப்படி அழவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க. நானும் வர்றேன்" என்றாள்.

புது சிலிண்டர் போட்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். அவள் பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, மடியில் பிதுக்கம்பருப்புக் குழம்பு டப்பாவை வைத்துக்கொண்டு வந்தாள். ரப்பரை ஒரு காகிதத்தில் மடித்து என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பிரேக் இப்போது முதல் மிதியிலேயே கல் மாதிரி பிடித்தது. என் கால் மட்டும் அதை நம்பாமல் ரெண்டு மிதி மிதித்துக்கொண்டே வந்தது.

அத்திபெலேயில் லாரி ஆபீஸ் மைதானத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவன் என்ன வேலை பார்க்கிறான் என்பதை அப்போதுதான் பார்த்தேன். ஒரு லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் பின்னால், சுவருக்கும் லாரிக்கும் நடுவில், அவன் நின்று கையை ஆட்டினான். "வரட்டும், வரட்டும், வரட்டும்." லாரியின் பின்பலகை அவன் நெஞ்சுக்கு ஒரு முழம் வரும்வரை அசையவில்லை. "ஹோல்டேன்!" என்று பலகையைத் தட்டினான். லாரி நின்றது. வண்டிகளுக்கு இடம் காட்டி நிறுத்த வைப்பதுதான் வேலை. நாள் முழுக்க அப்படி நிற்கிறான். என் மனைவி காருக்குள்ளேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தான். "அக்கா, என்னாக்கா, சொல்லிட்டு வரக்கூடாதா?" என்னைப் பார்த்து, "வாங்க மாமா" என்றான். மெலிந்திருந்தான். டீக்கடை பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். நான் காகிதத்தைப் பிரித்து ரப்பரை அவன் உள்ளங்கையில் வைத்தேன். பாய் சொன்னதை அப்படியே சொன்னேன். ரெண்டு மிதியைச் சொன்னேன். "நீ சொன்னதுதான் நெசம். நான்தான் உன்ன அடிச்சேன். ஊர் முன்னால வாய ஊதச் சொன்னேன். என்ன மன்னிச்சிடு மச்சான்" என்றேன். கை கூப்பினேன். அவன் பதறி என் கையைப் பிடித்து இறக்கினான்.

ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுவா?" என்றான். "இத்தினூண்டு."

அப்புறம் மெதுவாகப் பேசினான். "நீங்க அடிச்சதெல்லாம் அப்பவே மறந்துட்டேன் மாமா. நீங்க மூணு வாட்டி நிறுத்திக் காமிச்சீங்களே, அதான். நின்னுச்சு. நானே பாத்தேன். அப்ப நான்தான் ஆக்ஸிலேட்டர மிதிச்சிருக்கணும்னு நெனச்சேன். மிதிச்சது பிரேக்குதான்னு ஞாபகம் இருக்குது. ஆனா வண்டி நிக்கிதே. அப்பறம் என் ஞாபகத்தையே நம்பல. இருபது பேரு ஏறுறாங்க வேன்ல. எது பிரேக்குன்னு காலுக்குத் தெரியாதவன் எப்பிடி ஓட்டறது? அதான் சாவியக் குடுத்துட்டேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"எந்த வண்டில ஏறினாலும் மொதல்ல பிரேக்க மிதிச்சுப் பாப்பேன் மாமா. டிரைவருங்க எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அன்னிக்கு மட்டும் மிதிச்சுப் பாக்கல. நீங்க பக்கத்துல நின்னுக்கினு இருந்தீங்க. உங்க வண்டிய நான் மிதிச்சுப் பாத்தா, இவன் யாரு என் வண்டியச் சந்தேகப்படறதுன்னு நெனப்பீங்கன்னு உட்டுட்டேன்."

நான் அப்படித்தான் நினைத்திருப்பேன். நினைத்தால் பரவாயில்லை, வாய் திறந்து சொல்லியும் இருப்பேன்.

என் மனைவி எழுந்தாள். என் கையிலிருந்து கார்ச் சாவியை வாங்கி அவன் கையில் வைத்தாள். "ஏறு" என்றாள். அவன் வேண்டாமக்கா என்றான். "ஏறுடா." அக்கா சொன்னால் அவன் தட்டமாட்டான். காரில் ஏறி உட்கார்ந்தான். அவள் ஒரு செருப்பு தட்ட, ஒரு செருப்பு தேய, காருக்கு எதிரே போய் நின்றாள். அன்றைக்கு நின்ற அதே தூரம். கையில் தட்டு மட்டும் இல்லை.

"எடுத்துக்கினு வா" என்றாள். "என் கிட்ட வந்து நிறுத்து."

நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? ஜன்னல் ஓரம் நின்று அவனையே பார்த்தேன். முதலில் அவன் பிரேக்கை மிதித்துப் பார்த்தான். ஒரே மிதி. பெடல் பாதியில் நின்று பிடித்துக்கொண்டது. காலை எடுக்காமல் ரொம்ப நேரம் அழுத்திக்கொண்டே இருந்தான். கண்ணாடி வழியாக அக்காவின் முழங்காலையே பார்த்தான். சாவி வரைக்கும் கை போனது. போன கை திரும்பி வந்து மடியில் கிடந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. அவள் வெயிலில் நின்றுகொண்டே இருந்தாள்.

அவன் இறங்கி வந்து சாவியை என்னிடம் கொடுத்தான்.

"பிரேக் நல்லா இருக்குது மாமா" என்றான். "நீங்களே ஓட்டிக்கினு போங்க."

குழம்பு டப்பாவை வாங்கிக்கொண்டான். பொங்கலுக்கு வருகிறேன் என்று அக்காவிடம் சொன்னான். நான் இருக்கும்போதே வா என்றேன். சரி மாமா என்றான். எங்களுக்கு முன்னால் இன்னொரு லாரி வந்து நின்றுவிட்டதால் காரைப் பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. அவன் வழக்கம்போல வழிகாட்ட வந்தான். "வரட்டும் மாமா, வரட்டும்" என்று கையை ஆட்டினான். நான் கண்ணாடியில் அவனைத் தேடினேன். காணவில்லை. தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தேன். லாரிகளுக்கெல்லாம் நேர் பின்னால் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்பவன், என் வண்டிக்கு மட்டும் சுவரோரமாக ஒதுங்கி நின்றிருந்தான்.